வழக்கே நடக்காத ராஜதுரோகம்

1910 செப்டம்பர் 26. கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1086 கன்னி 10. திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் ராமவர்மாவின் விளம்பரம் ஒன்று அன்று திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. 'சுதேசாபிமானி' பத்திரிகைக்குத் தடை. அதை அச்சடித்த அச்சுக்கூடம் பறிமுதல். பத்திராதிபர் கே. ராமகிருஷ்ண பிள்ளை நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். அன்றே போலீசார் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். பத்திராதிபரைப் பிடித்துச் சென்றார்கள். குற்றப்பத்திரிகை எதுவும் தாக்கலாகவில்லை. சாட்சிகள் யாரும் விசாரிக்கப்படவில்லை. நீதிபதி ஒருவர் முன்னால் ஒரு மணி நேரம்கூட அவர் நிறுத்தப்படவில்லை.

அரசனுக்கும் அரசுக்கும் துரோகம் செய்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட அந்த மனிதருக்கு அப்போது வயது 32. ஊர் நெய்யாற்றின்கரை.

இன்று நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளையில் கேரளத்துக்குள் நுழைவார்கள். அடுத்து பாறசாலை; அதற்கடுத்த பெரிய ஊர் நெய்யாற்றின்கரை. கடைப்பலகைகளில் எழுத்து மாறும். பேச்சு அவ்வளவு சட்டென்று மாறிவிடாது. பாறசாலைச் சந்தையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வாயிலிருந்து ஒரே வாக்கியத்தில் வருவதைக் கேட்கலாம். நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் அரங்கமுகள் என்னும் இடத்தில் 1878 மே 25 அன்று ராமகிருஷ்ண பிள்ளை பிறந்தார். தாய் சக்கியம்மா; தந்தை நரசிம்மன் போற்றி, கோயில் பூசகர். 'கூடில்லா வீடு' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் வீடு அவருடைய குடும்ப வீடு.

துரோகம் என்ற சொல் அந்த ஊருக்குப் புதிதில்லை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் உள்ளே குடைவாகிப்போன ஒரு பழைய பலாமரம் இருக்கிறது. அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில், அரச குடும்பத்தை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார்களின் ஆட்களிடமிருந்து தப்பி ஓடிய திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மா அந்தப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஐதீகம். அரியணை ஏறியபின் பிள்ளைமார்களின் குடும்பங்களை அவர் வேரறுத்தார். சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் 1891-இல் வெளியான பிறகு, எட்டுவீட்டார் என்றால் ராஜதுரோகிகள் என்னும் சித்திரம் படித்தவர்கள் மனதிலும் ஆழமாகப் பதிந்தது. அரசனைக் காத்த மரத்தைக் கும்பிட்டு வளர்ந்த ஊரில் பிறந்த ஒருவர், அரசர்கள் தெய்வ அம்சம் பெற்றவர்கள் என்பதே பொய் என்று அச்சில் எழுதினார். அந்த எழுத்து எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை அந்த மரத்தடியில் நின்று யோசித்தால்தான் புரியும்.

ராமகிருஷ்ண பிள்ளை திடீரென்று முளைத்த பத்திரிகைக்காரர் இல்லை. இருபது வயதைத் தாண்டியதுமே 'கேரள தர்ப்பணம்', 'கேரள பஞ்சிகா', 'மலையாளி' என்று அடுத்தடுத்துப் பத்திரிகைகளில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். அவருக்குச் சரியான களம் கிடைத்தது 1906 ஜனவரியில். வக்கம் அப்துல் காதர் மௌலவி என்னும் மார்க்க அறிஞர், சொந்தப் பணத்தைப் போட்டு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 19-இல் 'சுதேசாபிமானி'யைத் தொடங்கியிருந்தார். ராய்ட்டர் செய்திகளை நேரடியாகப் பெற்ற முதல் மலையாளப் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. ஆசிரியர் பொறுப்பை ராமகிருஷ்ண பிள்ளையிடம் கொடுத்த மௌலவி, அவர் எழுதுவதில் தலையிடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். ஒரு முஸ்லிம் அறிஞரின் பணமும் ஒரு நாயர் இளைஞரின் பேனாவும் சேர்ந்து நடத்திய பத்திரிகை அது.

பத்திரிகை முதலில் அச்சானது அஞ்சுதெங்கில். கடலோரத்தில் இருக்கும் அந்தச் சிறு ஊர் திருவிதாங்கூருக்கு நடுவே இருந்தாலும் அன்று ஆங்கிலேயருக்குச் சொந்தமான நிலம். மகாராஜாவின் போலீஸ் அங்கே கால் வைக்க முடியாது. பிறகு அச்சுக்கூடம் வக்கத்துக்கு மாறியது. 1907-இல் திருவனந்தபுரத்துக்கே வந்து சேர்ந்தது. தலைநகரின் செய்திகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் எல்லைக்கு வெளியே இருந்த பாதுகாப்பை விட்டு, திவான் கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு அந்த இயந்திரமும் அதை ஓட்டியவரும் வந்துவிட்டார்கள்.

திவான் பி. ராஜகோபாலாச்சாரி. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ் ஐயங்கார். அதற்கு முன்பே கொச்சியில் திவானாக இருந்தவர். திருவிதாங்கூரின் உயர் பதவிகளை வெளியூர்ப் பிராமணர்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை மண்ணின் மக்களிடம் பல பத்தாண்டுகளாக இருந்தது. 1891-இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் கொடுத்த 'மலையாளி மெமோரியல்' அந்தக் குறையின் வெளிப்பாடுதான். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜி. பரமேஸ்வரன் பிள்ளையும் மாணவப் பருவத்திலேயே திவானைக் கண்டித்து எழுதியதற்காகக் கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவர். அவர் சென்னைக்குப் போய் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' ஆசிரியரானார். திவானை எதிர்த்து எழுதினால் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும் என்பது ராமகிருஷ்ண பிள்ளைக்குத் தெரியாத பாடம் இல்லை.

தெரிந்தும் எழுதினார். வரி வசூல் முறைகேடுகள், அதிகாரிகளின் லஞ்சம், அரண்மனைக்குள் செல்வாக்குப் பெற்றவர்கள் ஆட்சியில் செய்த குறுக்கீடு, திவானின் நிர்வாகம் என எல்லாம் வந்தன. திவானின் தனிவாழ்க்கை ஒழுக்கத்தைத் தாக்கியும் கட்டுரைகள் வந்தன. அவற்றை இன்று படிக்கிறவருக்குச் சில இடங்களில் முகம் சுளிக்கும். நிர்வாகத்தின் கணக்கைக் கேட்பதும் ஒருவரின் படுக்கையறையைப் பேசுவதும் ஒன்றாகாது. அந்தக் கோட்டை அவர் பலமுறை தாண்டினார். அவதூறு என்று அதற்கு வழக்குப் போட்டிருக்கலாம். ராஜதுரோகம் என்பது வேறு குற்றம்.

அவர் வெறும் பத்திராதிபராக மட்டும் இருந்துவிடவில்லை. 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குத் தாலுகாவுக்கு ஒருவரோ இருவரோ தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வாக்கு எல்லோருக்கும் கிடையாது. நிலவரி கட்டுகிறவர்கள், வருமானமும் படிப்பும் உள்ளவர்கள் என்ற சிறிய வட்டத்துக்குத்தான். சபை ஆண்டுக்கு ஒருமுறை கூடும். உறுப்பினர்கள் குறைகளை எடுத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. 1908-இல் அந்தச் சபைக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து ராமகிருஷ்ண பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசு விடவில்லை. அந்தத் தாலுகாவில் நிலையாகக் குடியிருப்பவர்தான் உறுப்பினராக முடியும் என்று காரணம் காட்டி அவரைச் சபைக்கு வெளியே நிறுத்தியது. அதியன்னூரில் பிறந்து வளர்ந்தவரை, தலைநகரில் பத்திரிகை நடத்துகிறார் என்பதற்காக நெய்யாற்றின்கரைக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளில் திருவிதாங்கூர்க்காரரே இல்லை என்றும் ஆக்கிவிட்டார்கள்.

காவலர்கள் அவரைக் கொண்டுபோனது தெற்கு நோக்கி, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு. திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918-இல். அன்று தெற்கே போக இருந்தது பெருவழிச்சாலைதான். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் என்று நீளும் அந்தப் பாதையில், தன்னைச் சபைக்குத் தேர்ந்தெடுத்த ஊரைத் தாண்டித்தான் எல்லைக்குப் போக வேண்டும். எல்லை இன்றுள்ள இடத்தில் அன்று இல்லை. பாறசாலை நாட்டின் உள்பகுதி. விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் திருவிதாங்கூர்த் தாலுகாக்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் ஆரல்வாய்மொழிக் கணவாயில், இன்று காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் அந்த வெட்டவெளியில்தான் மகாராஜாவின் நாடு முடிந்து வெள்ளைக்காரனின் திருநெல்வேலி ஜில்லா தொடங்கியது. பள்ளி ஆசிரியையாக இருந்த மனைவி பி. கல்யாணி அம்மாவும் குழந்தைகளோடு அவர் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

அவரைக் கொண்டுபோய் விட்ட இடத்தையும் கவனிக்க வேண்டும். ராஜதுரோக வழக்கு என்றால் என்னவென்று அந்த ஆண்டுகளில் திருநெல்வேலியைப் போல் அறிந்த ஊர் தென்னாட்டில் வேறில்லை. 1908 மார்ச் 12-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் ஊர் கொந்தளித்தது. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கொடுமையான தீர்ப்பு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. ஆனாலும் அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. சாட்சிகள் வந்தார்கள், அவர்கள் குறுக்கு விசாரணைக்கு ஆளானார்கள், தன் தரப்பைச் சொல்ல அவருக்கு இடம் இருந்தது. அதே மாதம் பம்பாயில் பாலகங்காதர திலகர் தனக்காகத் தானே வாதாடினார். நாள்கணக்கில், மொத்தம் 21 மணி நேரத்துக்கு மேல் பேசினார். மாண்டலேயில் ஆறு ஆண்டுகள் என்று தண்டனை வந்தது. ஆனால் அந்த வாதம் அச்சேறி நாடெங்கும் படிக்கப்பட்டது. குற்றவாளிக் கூண்டே அவருக்கு மேடையானது.

அந்த மேடை ராமகிருஷ்ண பிள்ளைக்கு மறுக்கப்பட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றிய தண்டனைச் சட்டம் திருவிதாங்கூரிலும் இருந்தது. உயர்நீதிமன்றம் இருந்தது. பத்திரிகைக்கென்று தனிச் சட்டம்தான் இல்லை. அது வந்தது 1926-இல். குற்றம் உண்மையென்றால் கூண்டில் ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால் திவானின் நிர்வாகம் பற்றி எழுதியதெல்லாம் நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக அலசப்பட்டிருக்கும். அதிகாரிகள் சாட்சிக்கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அரசனின் தனி அதிகாரத்தைக் கொண்டு ஒரே நாளில் விஷயத்தை முடித்துவிட்டதால் அந்தச் சங்கடம் யாருக்கும் நேரவில்லை. 1910-ஆம் ஆண்டின் விளம்பரத்தில் உள்ள பெரிய அநீதி தண்டனையின் அளவில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனின் வாயை, அவன் பேசத் தொடங்கும் முன்பே அடைத்ததில் இருக்கிறது.

அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் சொல்ல முடியாததைப் புத்தகத்தில் சொன்னார். 'என்டே நாடுகடத்தல்' என்னும் அந்த நூல் அடுத்த ஆண்டே வெளிவந்தது. தன்னை வெளியேற்றியதற்கு அரசு சொன்ன காரணங்களையும், தன் பத்திரிகை எழுதியவற்றையும், இரண்டுக்கும் நடுவே நடந்தவற்றையும் தன் தரப்பிலிருந்து அவர் அதில் அடுக்கினார். மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கும் இல்லை. திவான் என்பவர் சம்பளம் வாங்கும் ஊழியர். அவரைக் கேள்வி கேட்பது நாட்டுக்குச் செய்யும் தொண்டு. குடிமக்களுக்காகவே ஆட்சி, ஆட்சிக்காகக் குடிமக்கள் இல்லை என்பது அவர் பத்திரிகை வாழ்க்கை முழுவதும் பிடித்துக்கொண்டிருந்த நிலை. அதைத்தான் அவர் தன் எதிர்வாதமாக வைத்தார்.

நாடு இழந்தபின் வந்த ஆண்டுகள் வறுமையிலும் நோயிலும் கழிந்தாலும் எழுத்தில் வளமானவை. 1912-இல் பத்திரிகைத் தொழிலை மலையாளத்தில் முறையாகக் கற்பிக்கும் 'விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்' வந்தது. அதே ஆண்டு கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, மார்க்ஸ் பெயரே இந்தியாவில் பலருக்குத் தெரியாத காலம் அது. சாக்ரடீஸைப் பற்றியும் எழுதினார். ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் நின்று தன் தரப்பைத் தானே எடுத்துச் சொன்ன அந்தக் கிழவரை, நீதிமன்றமே கிடைக்காத இந்த மனிதர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. சென்னை, பாலக்காடு என்று அலைந்து, கடைசியில் கல்யாணி அம்மாவுக்கு வேலை கிடைத்த கண்ணூரில் குடும்பம் தங்கியது. காசநோய் முற்றி 1916 மார்ச் 28 அன்று அங்கே அவர் இறந்தார். வயது 38 முடியவில்லை. பய்யாம்பலம் கடற்கரையில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அதே கண்ணூரின் சிறையிலிருந்துதான் 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார்.

கணவரோடு வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளைக் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்று எழுதி வைத்தார். வியாழன் ஒரு சுற்று முடிக்கும் காலக் கணக்கு அது. அரசியல் வாதங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் என்ன பாடுபட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகம். மௌலவிக்கோ பணமும் போயிற்று, இயந்திரமும் போயிற்று. என் பத்திராதிபர் இல்லாமல் எனக்கெதற்கு அச்சுக்கூடம் என்று அவர் கேட்டதாகக் கேரளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அதன்பின் சமூக, சமயச் சீர்திருத்தத்தில் இறங்கி 1932 வரை வாழ்ந்தார்.

இந்தக் கதையை இப்படியே முடித்தால் அது நேர்மையாக இருக்காது. நாடுகடத்தலுக்கு ஏழு மாதங்களுக்கு முன், 1910 மார்ச் 2-ஆம் தேதி தலையங்கத்தில், புலையர் குழந்தைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை ராமகிருஷ்ண பிள்ளை எதிர்த்தார். தலைமுறைகளாக அறிவை உழுதவர்களையும் நிலத்தை உழுதவர்களையும் சேர்ப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்ற பொருளில் எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகளைத் திறந்துவிட ஆணையிட்டது யார்? அவர் வாழ்நாள் எதிரியான திவான் ராஜகோபாலாச்சாரி. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் உள்ள வெங்கானூரைச் சேர்ந்த புலையர் தலைவர் அய்யன்காளியை 1911-இல் பிரஜா சபைக்குள் கொண்டுவந்ததும் அதே திவான்தான். அதே தாலுகாவின் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்குக் கூட்டிப்போனபோது, சாதி வெறியர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தப் பள்ளிக்கு இன்று அய்யன்காளி, பஞ்சமி பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன.

ஒருவரை நாயகனாக்கியும் மற்றவரை வில்லனாக்கியும் சொல்லிப் பழகிய கதை இங்கே உடைந்துபோகிறது. அது உடைவது நல்லதே. அரசனைக் கேள்வி கேட்ட பேனா, அடிமட்டத்தில் இருந்தவன் தலைநிமிர்ந்தபோது தயங்கியது. அந்தத் தலையங்கம் எவ்வளவு தவறோ, விசாரணையின்றி ஒருவரை எல்லை தாண்டித் துரத்தியதும் அவ்வளவு தவறு. ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்த முடியாது. ராஜகோபாலாச்சாரி 1914-இல் பதவியை விட்டு விலகினார். 1920-இல் சென்னைச் சட்டசபையின் முதல் தலைவராக அமர்ந்தார். நாடு கடத்தியவர் ஒரு சட்டசபையை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். நாடு கடத்தப்பட்டவருக்கு உறுப்பினர் இருக்கையே கிடைத்ததில்லை.

ராஜதுரோகம் என்ற அந்த முத்திரை திருவிதாங்கூரில் மறுபடியும் விழுந்தது. 1935-இல் கோழஞ்சேரியில், மகாராஜாவின் ஆலோசகராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரைத் தாக்கிப் பேசிய சி. கேசவன் மீது ராஜதுரோக வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளினார்கள். இந்த முறை விசாரணையாவது நடந்தது. 1938 ஆகஸ்டில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை கைதானார். ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் என்.கே. பத்மநாப பிள்ளை கைது செய்யப்பட்டதைக் கண்டித்துக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அத்தாழமங்கலம் வீரராகவன் உட்படப் பலர் இறந்தார்கள். கேசவனும் தாணுப்பிள்ளையும் பின்னாளில் அதே மண்ணின் முதலமைச்சர்கள் ஆனார்கள். தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோதுதான், 1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடிய தமிழர்கள்மீது மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் துப்பாக்கிகள் வெடித்தன. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு நகர்ந்தது.

அடுத்த ஆண்டு, 1957 ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திருவனந்தபுரம் பாளையத்தில் ராமகிருஷ்ண பிள்ளையின் சிலையைத் திறந்து வைத்தார். பறிமுதலான அச்சுக்கூடம் விடுதலைக்குப் பின் வந்த ஆட்சியில் மௌலவியின் குடும்பத்தாரிடம் திருப்பித் தரப்பட்டது. சிறந்த பத்திரிகையாளருக்கு மாநில அரசு வழங்கும் விருதுக்கு 'சுதேசாபிமானி – கேசரி' என்று பெயர். ராமகிருஷ்ண பிள்ளையோடு இன்னொரு பத்திராதிபரான கேசரி பாலகிருஷ்ண பிள்ளையின் நினைவையும் அது தாங்குகிறது. ராமகிருஷ்ண பிள்ளைமீது சாட்டப்பட்ட குற்றத்தை மட்டும் இன்றுவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.